எட்டு நுண்ணறிவும் ஒன்றாம் வகுப்பும்: ஆசிரியர் தம் வேலையை அளந்து திருத்திக்கொள்ள ஒரு வழிகாட்டி

ஆசிரியர் பட்டயப் படிப்பிலும் பி.எட். படிப்பிலும் பன்முக நுண்ணறிவு (மனித அறிவு ஒன்றல்ல, எட்டு வகைத் திறன்கள் என்ற கோட்பாடு) என்றாலே அது பிள்ளைகளைப் பற்றிய பாடம்தான். எந்தக் குழந்தைக்கு எது நன்றாக வரும், அதற்குத் தக எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று படித்துத் தேர்வும் எழுதியிருப்போம். அதே எட்டுத் திறன்களை ஆசிரியர் பக்கம் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை நடத்துபவரின் அன்றாட வேலையில் எந்தத் திறன் எங்கே தேவைப்படுகிறது, எது குறைந்தால் எந்த வேலை கெடுகிறது, கெட்டதை எப்படிச் சரிசெய்வது என்பதே இங்கு பேச்சு. தமிழ்நாட்டு அரசு மற்றும் உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளை, குறிப்பாக ஒருவரே மூன்று வகுப்பையும் சேர்த்துப் பார்க்கும் ஈராசிரியர் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியது.

கோட்பாட்டைப் பற்றித் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் ஏழு நுண்ணறிவுகளை முன்வைத்தார்: மொழி, தருக்க-கணிதம், இடஞ்சார், இசை, உடல்-இயக்கம், பிறரை அறிதல், தன்னை அறிதல். இயற்கை நுண்ணறிவு 1990-களில் சேர்ந்தது. எட்டும் ஒன்றையொன்று சாராதவை என்பது அவர் வாதம். அளந்து பார்த்தவர்களுக்கு அப்படிக் கிடைக்கவில்லை. கனடாவில் 200 பேருக்கு எட்டுத் திறன்களிலும் சோதனை வைத்து 2006-இல் வெளிவந்த ஆய்வில் மொழி, தருக்கம், இடம், இயற்கை, பிறரை அறிதல் ஆகியவை பெருமளவு சேர்ந்தே ஏறி இறங்கின. உடல்-இயக்கமும் இசையும் தன்னை அறிதலும்தான் ஓரளவு தனித்து நின்றன. ஆக, “என் மூளை இசை மூளை, கணக்கு மூளை அல்ல” என்று யாரும் முடிவு கட்டிக்கொள்ள இதில் இடமில்லை. ஒரு திறனுக்கு ஒரு கற்றல் பாணி என்று பிள்ளைகளைப் பிரிப்பதற்கும் சான்று இல்லை. தம் கோட்பாடு கற்றல் பாணிகளைப் பற்றியது அல்ல என்று கார்ட்னரே 2013-இல் எழுதினார்.

பிறகு எதற்கு இந்த எட்டு? வேலையைக் கூர்ந்து பார்க்க உதவும் எட்டுத் தலைப்புகளாக அவை நன்றாகப் பயன்படும். “நல்லா நடத்துறாங்க”, “வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியலை” என்று மொத்தமாகச் சொல்வதை விட்டு, எந்த இடத்தில் எது சறுக்குகிறது என்று சொல்ல அவை வழிவிடுகின்றன. அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வேலையிலிருந்து தொடங்குங்கள்

இணையத்தில் கிடைக்கும் நுண்ணறிவு வினாப்பட்டியலை நிரப்பி, எட்டுப் பட்டை வரைபடம் எடுத்து, அதைப் பார்த்து யோசிப்பதுதான் வழக்கமாக நடப்பது. அந்த வரைபடத்திலிருந்து நாளைக் காலை முதல் பாடவேளைக்கு எதுவும் கிடைக்காது. தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு வாரத்தில் நீங்கள் செய்யும் வேலைகளைத் தாளில் எழுதுங்கள்: கதை வாசித்துக் காட்டுதல், புது எழுத்து அறிமுகம், பாட்டு, கரும்பலகை, அரும்பு-மொட்டு-மலர் என்ற மூன்று கற்றல் நிலைக்கேற்பப் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்தல், நோட்டுத் திருத்துதல், துணைக்கருவி செய்தல், சண்டை தீர்த்தல், பெற்றோரிடம் பேசுதல், பாடக்குறிப்பு, செயலியில் வருகைப்பதிவு. பெரும்பாலும் பதினைந்துக்கும் இருபதுக்கும் இடையில் வரும்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி முதல் ஐந்து வகுப்புக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி நேரம். ஆசிரியருக்கு வாரத்துக்கு 45 மணி நேரம், தயாரிப்பையும் சேர்த்து. உங்கள் பட்டியலில் எதற்கு எத்தனை மணி போகிறது என்று தோராயமாகப் பக்கத்தில் குறியுங்கள். வாரத்துக்கு அரை மணிகூடப் பிடிக்காத வேலையில் குறை இருந்தால் அதை இப்போது விட்டுவிடலாம். ஆண்டுவிழா நடனம் சொல்லித்தரத் தெரியாதது பணித்திறன் குறை ஆகாது. தினமும் நோட்டுத் திருத்துகிறீர்கள். அதில் உள்ள சிறு குறைக்குத்தான் எடை அதிகம்.

எந்த வேலையில் எந்தத் திறன்

கணிதத்திலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். இரண்டாம் வகுப்புக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். அதற்கு என்ன தருக்க நுண்ணறிவு வேண்டியிருக்கிறது என்று தோன்றும். தேவைப்படுவது கணக்குப் போடும்போது அல்ல, திருத்தும்போது. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 35 என்று எழுதும், இன்னொன்று 79, மூன்றாவது 24. மூன்றுக்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறிதான் விழும். ஆனால் 35 எழுதிய பிள்ளை ஒவ்வோர் இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. அதற்குப் பத்தைப் பிரிக்கத் தெரியவில்லை, ஈர்க்குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்ட வேண்டும். 79 எழுதியது கூட்டிவிட்டது. குறியைப் பார்க்கப் பழக்கினால் போதும். 24 எழுதியதற்கு முறை தெரியும், எண்ணும்போது ஒன்று தவறியிருக்கலாம். முப்பத்தைந்தை 305 என்று எழுதும் பிள்ளை காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது: முப்பது, பின் ஐந்து. பிழைக்குள் இருக்கும் ஒழுங்கைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வகுப்புகளில் ஆசிரியரின் தருக்கத் திறன். பயிற்சிக்கு வாரம் ஒரு நாள் போதும்: பத்து நோட்டுகளை எடுத்து, தவறான விடைகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒரே காரணத்தால் வந்தவற்றை ஒன்றாகக் கூட்டுங்கள். காரணம் பிடிபடாதவற்றுக்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, “எப்படிப் போட்டே, சொல்லு” என்று கேளுங்கள்.

மொழித் திறன் நிறைய உள்ளவர்கள் சறுக்கும் இடம் வேறு. சரளமாகப் பேச வருவதால் அவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள். ஒன்றாம் வகுப்புக்கு இந்தத் திறன் வெளிப்பட வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, கட்டளையைச் சுருக்குவது. “நோட்டை எடுத்து, தேதி போட்டு, பலகையில இருக்கிறதைப் பார்த்து எழுதி, முடிச்சவங்க எங்கிட்ட காட்டுங்க” என்பது நான்கு வேலை. ஆறு வயதுப் பிள்ளைகள் பலருக்கு ஒரே தடவையில் இத்தனை தங்காது. இரண்டு, வீட்டு மொழியிலிருந்து புத்தக மொழிக்குப் பாலம் போடுவது. “மாடு வந்துச்சு” என்று சொன்ன பிள்ளையைத் திருத்தி நிறுத்தினால் அது அடுத்த முறை வாய் திறக்காது. “ஆமா, வந்துச்சு. புத்தகத்துல எப்படிப் போட்டிருக்கு பார்: மாடு வந்தது” என்று இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடுகள், திருப்பூரில் இந்தி பேசும் வீடுகள் என்றால் இந்த வேலை இரட்டிப்பு. மூன்று, ல-ள-ழ, ர-ற, ந-ன-ண ஒலிகளைத் தெளிவாகச் சொல்வது. ஆசிரியர் வாயில் ளகரமும் லகரமும் ஒன்றாக இருந்தால் சொல்வதெழுதலில் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

இசைத் திறனைப் பாட்டுக் குரலோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பது பெரிய இழப்பு. தமிழில் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. ‘படம்’, ‘பாடம்’ என்ற வேறுபாடு காலத்தில் இருக்கிறது. அதைக் காதால் பிடிக்காத பிள்ளை துணைக்கால் போட மறந்துகொண்டே இருக்கும். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையைத் தட்டி அப்படியே பிடித்து நீட்டுவது என்று எட்டு நிமிடம் செய்தால் போதும்: கல்-கால், பல்-பால், மலை-மாலை, முடி-மூடி, எடு-ஏடு, கொடு-கோடு. இதற்குத் தாள உணர்வு வேண்டும், இனிய குரல் வேண்டாம். பாட்டு சொல்லித்தரும்போது ஒரு எச்சரிக்கை: பெரியவர்கள், குறிப்பாக ஆண் ஆசிரியர்கள், தமக்கு வசதியான சுருதியில் எடுத்தால் பிள்ளைகளுக்கு அது மிகக் கீழே, முணுமுணுப்பார்கள், அல்லது கத்துவார்கள். பாடக் கூச்சமாக இருந்தால் நன்றாகப் பாடும் பிள்ளை ஒன்றை முதலடி எடுக்கச் சொல்லி அதன் சுருதியில் சேர்ந்துகொள்ளுங்கள்.

இடஞ்சார் திறன் கரும்பலகையில் தெரியும். வகுப்பு முடிந்ததும் கடைசி வரிசையில் பிள்ளை உட்காரும் இடத்தில், தரையென்றால் தரையிலேயே, உட்கார்ந்து பலகையைப் பாருங்கள். சன்னல் வெளிச்சம் பட்டு ஒரு மூலை பளபளக்கிறதா, கீழ் விளிம்பில் எழுதியது முன்வரிசைத் தலைகளில் மறைகிறதா என்பது நின்றுகொண்டிருக்கும்போது தெரியாது. பலகையை மூன்றாகப் பிரித்து, இடப்பக்கம் நாள் முழுவதும் அழியாதது, நடுவில் இப்போதைய பாடம், வலப்பக்கம் அழித்து எழுதும் இடம் என்று வைத்தால் மூன்று நிலைப் பிள்ளைகளும் தங்கள் இடத்தைத் தேடாமல் கண்டுகொள்வார்கள். காற்றில் எழுத்து வரைந்து காட்டும்போது பிள்ளைகளைப் பார்த்து நின்றால் அவர்களுக்கு எழுத்து இடவலம் மாறித் தெரியும். முதுகைக் காட்டி நின்று வரையுங்கள்.

உடல்-இயக்கத் திறன் என்றால் ஆடுவது, குதிப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். பென்சில் பிடியை மெதுவாக்கிக் காட்டுவதும், ‘இ’ எழுத்தின் சுழி எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைத் தன் கையால் உணர்ந்து உடைத்துக் காட்டுவதும் அதே திறன்தான். தரையில் சுண்ணக்கட்டியால் 0 முதல் 20 வரை எண்கோடு போட்டு நடக்கவிடும்போது இரண்டு எண்களுக்கு இடையே ஒரு பிள்ளையின் காலடி அளவு இடைவெளி விடுங்கள். பெரியவர் அடியில் போட்டால் பிள்ளை தாவும், எண்ணிக்கை தப்பும். அது ‘0’-இல் நிற்காமல் ‘1’-இல் நின்று எண்ணத் தொடங்கினால் ஒவ்வொரு விடையும் ஒன்று கூடிவரும். உடம்பு முடியாத ஆசிரியர் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்; பிள்ளைகளை நடக்கவைத்தால் போதும்.

இயற்கைத் திறன் இந்த வகுப்புகளில் வகைப்படுத்தலாக வரும்: இலைகளை ஓரம் பார்த்துப் பிரிப்பது, விதைகளை அளவு பார்த்துப் பிரிப்பது. பொருள் தேர்வில் கவனம் வேண்டும். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை நல்லது. நூறு இருந்தால் ஒரு குழுவுக்குத் தாராளம். குன்றிமணியும் ஆமணக்கு விதையும் பார்க்க அழகாக இருந்தாலும் நஞ்சு. பள்ளிக்குள்ளேயே வரக் கூடாது. ஒன்றாம் வகுப்பில் மூக்குக்குள் போகிற அளவுக்குச் சிறிய எந்த மணியும் வேண்டாம்.

மீதமுள்ள இரண்டும் மனிதர்களைப் பற்றியவை. உணர்வுத் திறனுக்கும் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பைப் பல ஆய்வுகளிலிருந்து தொகுத்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு ஒன்று, மனிதர்களோடு முகம் கொடுத்துப் பழகி, தன் உணர்ச்சியை அடக்கி வேலை செய்ய வேண்டிய பணிகளில் அத்தொடர்பு கூடுதல் என்று காட்டியது. உணர்வுத் திறனும் கார்ட்னரின் இரு வகைகளும் ஒன்றே அல்ல. ஆனாலும் முப்பது பிள்ளைகளோடு நாள் முழுக்க இருப்பவருக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. பிறரை அறியும் திறன் வெளிப்படும் எளிய இடம், யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்பது. தன்னை அறியும் திறன் வெளிப்படுவது எந்த வேளையில் உங்களுக்குக் கோபம் வருகிறது என்று உங்களுக்கே தெரிந்திருப்பதில். மதிய உணவுக்கு முந்தைய பாடவேளையில் பொறுமை குறைகிறது என்றால் அந்த நேரத்தில் புது எழுத்து அறிமுகம் வைக்காதீர்கள். பழகிய பாட்டோ, படம் பார்த்துப் பேசுதலோ வையுங்கள். இது சோம்பேறித்தனம் ஆகாது, கால அட்டவணை அறிவு.

ஒரு வாரம் சான்று சேர்த்தல்

“எனக்கு இது நல்லா வரும்” என்ற உணர்வை நம்பி முடிவெடுக்க முடியாது. தம் அறிவுத்திறனை மக்கள் தாமே மதிப்பிடுவதையும் சோதனை மதிப்பெண்ணையும் ஒப்பிட்ட 2012-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் சராசரி ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு; முழுப் பொருத்தம் என்றால் 1) 0.33 மட்டுமே. ஆகவே எண்ணக்கூடிய மூன்றை எண்ணுங்கள்.

முதலாவது, பேச்சு. 20 நிமிடம் கைப்பேசியில் ஒலிப்பதிவு மட்டும் செய்யுங்கள். காணொளி வேண்டாம், பிள்ளைகள் முகம் எதற்கும் தேவையில்லை. கேட்கும்போது 30 விநாடிக்கு ஒரு முறை யார் பேசுகிறார் என்று குறியுங்கள்: ஆ, பி, அமைதி. மொத்தம் 40 குறி வரும். ‘ஆ’ 28-ஐத் தாண்டினால் மொழி வேலையை நீங்களே செய்துகொண்டிருக்கிறீர்கள். பதிவைக் கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப வேண்டாம்.

இரண்டாவது, காத்திருப்பு. அதே பதிவில் பத்துக் கேள்விகளை எடுத்து, கேள்வி முடிந்ததிலிருந்து நீங்கள் மீண்டும் வாய் திறக்கும் வரை எத்தனை விநாடி என்று பாருங்கள். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970-களில் அமெரிக்க வகுப்பறைகளில் அளந்தபோது சராசரி ஒரு விநாடிக்கு அருகில்தான் இருந்தது. மூன்று விநாடிக்கு நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது வாய்க்குள் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று நிதானமாக எண்ணும் நேரம். முதல் சில நாட்களுக்கு அது தாங்க முடியாத நீளமாகத் தோன்றும்.

மூன்றாவது, பெயர். பெயர்ப் பட்டியலின் நகலில், ஒவ்வொரு முறை ஒரு பிள்ளையைக் கூப்பிடும்போதும் ஒரு கோடு. ஐந்து நாள். வெள்ளிக்கிழமை மாலை பார்த்தால் ஏழெட்டுப் பெயரில் கோடுகள் குவிந்திருக்கும், சில பெயருக்கு எதிரே ஒன்றும் இருக்காது. கோடில்லாதவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்றும் பாருங்கள்.

கூடவே தினமும் மூன்று வரி: என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, நாளைக்கு எதை மாற்றுவேன். நான்காவது வரி எழுதத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் விட்டுவிடுவீர்கள்.

24 வரித் தாள்

இதற்குப் பிறகுதான் வினாத்தாள். திறனுக்கு மூன்று வரி வீதம் 24. ஒவ்வொரு வரியும் கடந்த ஐந்து பள்ளி நாட்களில் எத்தனை நாள் நடந்தது என்று கேட்க வேண்டும். விடை 0 முதல் 5. விருப்பத்தையோ குணத்தையோ கேட்கும் வரி வந்தால் அடித்துவிடுங்கள். “எனக்கு இசை பிடிக்கும்” என்று எழுதினால் யாரும் 5 போடுவார்கள். நல்ல வரிகள் இப்படி இருக்கும்:

- தவறான விடை சொன்ன பிள்ளையிடம் எப்படி வந்தது என்று கேட்டேன்.
- ஒலியின் நீளத்தைத் தட்டியோ நீட்டியோ வேறுபடுத்திக் காட்டினேன்.
- கடைசி வரிசையிலிருந்து பலகை தெரிகிறதா என்று பார்த்தேன்.
- குழு வேலையில் பேசாத பிள்ளை ஒன்றுக்கு ஒரு பொறுப்புக் கொடுத்தேன்.
- கோபம் வந்தபோது பேசுவதற்கு முன் நிறுத்தினேன்.

ஒரு திறனுக்கு அதிகபட்சம் 15. எட்டையும் கூட்டி 120-க்கு இத்தனை என்று போடாதீர்கள். அந்தக் கூட்டுத்தொகைக்கு அர்த்தமே இல்லை. இதே தாளைச் சக ஆசிரியர் ஒருவர் உங்களை இரண்டு பாடவேளை பார்த்துவிட்டு, நடந்தது, நடக்கவில்லை என்று மட்டும் நிரப்பட்டும். நீங்கள் உயர்வாகப் போட்டு, அவர் கண்ணில் படாத வரிகளே பேச வேண்டியவை.

பயிற்சி, முட்டு, மாற்று

குறைகளில் ஒன்றை மட்டும் எடுங்கள். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

தினமும் வரும் வேலை, வேறு யாராலும் செய்ய முடியாதது என்றால் பயிற்சி. காத்திருப்பு, கட்டளைச் சுருக்கம், பிழைக் காரணம் தேடுதல் இந்த வகை. நான்கு வாரத்தில் மாற்றம் தெரியும்.

திறனைவிடக் கருவி மலிவாகக் கிடைக்கும் இடத்தில் முட்டுக்கொடுங்கள். படம் வரைய வராதவர் மாடு வரைந்து பழகி ஆறு மாதம் செலவிட வேண்டாம். பழைய நாட்காட்டிப் படத்தை வெட்டி அட்டையில் ஒட்டலாம். பாட வராதவருக்குக் கைப்பேசி இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நேரம்தான் மிச்சம்.

மாற்றிக்கொள்வது மூன்றாவது வழி. நான்கு-ஐந்தாம் வகுப்பு பார்க்கும் சார் நன்றாகக் கதை சொல்வார், ஒன்று முதல் மூன்று பார்க்கும் டீச்சர் பிழை காண்பதில் கெட்டி என்றால், வாரத்துக்கு இரண்டு முறை, 40 நிமிடம் வீதம் இடம் மாறலாம். அதற்கு மேல் கூட்டாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே முகம் வேண்டும். அடிப்படை வாசிப்பை யார் தொடங்கினாரோ அவரே முடிக்க வேண்டும். எந்த நாள், எந்தப் பாடவேளை என்று எழுதி ஒட்டாவிட்டால் இது மூன்றாவது வாரம் நின்றுபோகும். இதில் அடிக்கடி வரும் கேடு ஒன்று: “பாட்டு டீச்சர்”, “படம் போடுற சார்” என்று முத்திரை விழுந்துவிடும். பிறகு இலக்கிய மன்றத்திலிருந்து சுதந்திர தின விழா வரை எல்லாம் அவர் தலையில்தான். அவர் வகுப்பு காலியாகக் கிடக்கும். திறன் உள்ளவருக்கே வேலை கூடி, அவர் பணித்திறன் குறைவது இப்படித்தான்.

இன்னொரு கேடு, ஒரே பாடத்தை எட்டு விதமாக நடத்த முயல்வது. ‘அம்மா’ பாடத்துக்குப் பாட்டு, ஆட்டம், களிமண், இலை, நாடகம் என்று பாடக்குறிப்பில் எட்டுக் கட்டம் நிரப்பினால் பார்வையிட வருபவருக்கு நன்றாக இருக்கும். பிள்ளை களிமண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும், எழுத்தை வைக்காது. ஒரு பாடவேளைக்கு இரண்டு வழி போதும். அவை பாடத்தின் இயல்பிலிருந்து வர வேண்டும். குறில்-நெடிலுக்குத் தாளம் பொருந்தும், இடமதிப்புக்கு ஈர்க்குச்சிக் கட்டு பொருந்தும். இடமதிப்பைப் பாட்டாக்கினால் பாட்டுத்தான் மிஞ்சும்.

பலன் வந்ததா என்று பார்ப்பது

குறில்-நெடிலை எடுத்துக்கொண்டீர்கள் என்று வையுங்கள். தொடங்கும் முன் பத்துச் சொற்களைச் சொல்லி, முதல் எழுத்து குறிலானால் ஒரு விரல், நெடிலானால் இரண்டு விரல் காட்டச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் காட்டும். ஐந்து ஐந்து பேராகச் செய்தால் முப்பது பேருக்கு அரை மணி நேரம். நான்கு வாரத்துக்குப் பின் வேறு பத்துச் சொற்களோடு, முடிந்தால் சக ஆசிரியர் சொல்ல, மீண்டும் செய்யுங்கள். நீங்களே சொன்னால் உங்களை அறியாமல் நெடிலை அதிகம் நீட்டிவிடுவீர்கள்.

கூடவே நீங்கள் கை வைக்காத ஒன்றையும், உதாரணமாக ஐந்து கழித்தல் கணக்குகளை, இரண்டு முறையும் பாருங்கள். பிள்ளைகள் நான்கு வாரத்தில் சும்மாவே வளர்வார்கள். இரண்டும் ஒரே அளவு ஏறியிருந்தால் அந்த ஏற்றத்தை உங்கள் மாற்றத்துக்குக் கணக்கு எழுத முடியாது.

தலைமையாசிரியர், ஆசிரியர் பயிற்றுநர் கவனத்துக்கு

பணித்திறனுக்குப் புதிதாக அளவுகோல் செய்ய வேண்டியதில்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் (என்.சி.இ.ஆர்.டி.) 2013-இல் வெளியிட்ட, ஆசிரியர் பணித்திறனை மதிப்பிடும் பின்டிக்ஸ் (PINDICS) இருக்கிறது: கற்றல் அனுபவங்களைத் திட்டமிடல், பாடப்பொருள் அறிவு, கற்பித்தல் உத்திகள், பிறரோடான உறவு, தொழில்சார் வளர்ச்சி, பள்ளி வளர்ச்சி, வருகை என்று ஏழு தரம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை. மேலே சொன்ன 24 வரித் தாளை இதோடு கலக்காதீர்கள். தாள் ஆசிரியரின் சொந்த வேலைக்கானது; அதை வாங்கிக் கோப்பில் வைத்தால் அடுத்த முறை எல்லா வரியிலும் 5 வரும்.

மதிப்பிடும்போது நடக்கும் பொதுவான பிழை, சொன்ன வேலையை உடனே செய்து, பதிவேட்டைச் சுத்தமாக வைத்திருப்பவருக்கு ஏழு தரத்திலும் 4 போடுவது. ஒரு தரத்தை எல்லா ஆசிரியருக்கும் போட்டு முடித்துவிட்டு அடுத்த தரத்துக்குப் போனால் இது குறையும். ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியரும் வகுப்பு நடத்துபவர்தான். அவரை ஆசிரியர் பயிற்றுநரோ வட்டாரக் கல்வி அலுவலரோதான் பார்க்க வேண்டும், உடன் வேலை செய்பவரைப் போடச் சொல்வது இருவருக்கும் சங்கடம்.

எம்.எட்., முனைவர் பட்ட ஆய்வாகச் செய்பவர்களுக்கு

பன்முக நுண்ணறிவுக்கும் பணித்திறனுக்கும் தொடர்பு காணும் ஆய்வேடுகளில் பெரும்பாலும் ஒரே ஆசிரியரிடம் ஒரே நாளில் இரண்டு வினாத்தாளும் கொடுக்கப்படுகின்றன. இரண்டிலும் தம்மை உயர்த்திப் போடுபவர் இரண்டிலும் உயர்வார். வரும் ஒட்டுறவில் பெரும்பகுதி அந்த மனநிலையாக இருக்கலாம். நுண்ணறிவை ஒருவர் வாயிலாகவும் பணித்திறனை இன்னொருவர் வாயிலாகவும் அளங்கள்.

எட்டுத் திறனையும் ஏழு தரத்தையும் ஒன்றோடொன்று பொருத்தினால் 56 ஒட்டுறவுகள். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் 0.05 மட்டத்தில் (நூற்றுக்கு ஐந்து தற்செயலாகவே தேறும் அளவில்) சராசரியாக மூன்று ‘பொருளுள்ளவை’யாக வந்து நிற்கும். எனவே எந்த இரண்டு மூன்று இணைகளைச் சோதிக்கப் போகிறீர்கள் என்பதைத் தரவு வாங்கும் முன்பே எழுதி நெறியாளரிடம் கொடுத்துவிடுங்கள். பிறரை அறியும் திறனும் உறவுத் தரமும் ஒரு நியாயமான இணை. வருகைத் தரத்தைச் சேர்க்காதீர்கள்: எல்லோரும் 3, 4 வாங்கியிருக்கும் அளவில் ஏற்ற இறக்கமே இருக்காது, எதனோடும் ஒட்டாது.

எண்ணிக்கை: 0.3 அளவு ஒட்டுறவை 80 விழுக்காடு வாய்ப்போடு பிடிக்க 85 ஆசிரியர் வேண்டும், 0.2 என்றால் 194. நாற்பது பேரிடம் வாங்கிய தரவில் ‘தொடர்பு இல்லை’ என்று முடிவு எழுதுவது தவறு. பார்க்கப் போதிய ஆள் இல்லை என்பதுதான் சரி. ஒரே பள்ளியில் பலரை எடுத்தால் அவர்களுக்கு மதிப்பெண் போட்டவர் ஒருவரே என்பதால், 85 பேரும் 85 தனித்தனிச் சான்றுகளாக மாட்டார்கள். பள்ளிக்கு ஒருவர் என்று எடுப்பதே எளிய வழி. அலைச்சல் கூடும்தான், குறுவள மையப் பயிற்சி நாளில் முன்கூட்டி அனுமதி வாங்கிப் போனால் பல பள்ளி ஆசிரியர்களை ஓரிடத்தில் சந்தித்துவிடலாம். தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள பட்டியல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும், தரவைப் பதிந்து சரிபார்த்ததும் அதைக் கிழித்துவிடுங்கள்.